போணிக்கு முன்னால் வந்த கம்பெனிக்காரி

மெக்கானிக்குகள் பயன்படுத்தும் கைக்கருவிகளை இறக்குமதி செய்து விற்கும் நிறுவனம் ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது. ஸ்பேனர், ராட்செட், சாக்கெட் செட், ஸ்க்ரூ டிரைவர் போன்றவை. "வீட்டில் காலண்டர் மாட்ட ஆணி அடிப்பவர்களுக்கான சரக்கு இல்லை இது. தொழில்முறை மெக்கானிக்குகளுக்கானது" என்று நேர்காணலில் மேலாளர் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் புனேயில் இருந்தார். நான் சென்னையில் குமணன்சாவடிக்குப் பக்கத்தில் எங்கள் குடியிருப்பின் படுக்கையறையில், குழந்தைத் துணிகள் காயும் கொடி கேமராவில் தெரிகிறதோ என்று பயந்தபடி, ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன்.

நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவள். முதலாம் ஆண்டுப் பட்டறை வகுப்பில் ஓர் இரும்புத் துண்டை அரத்தால் தேய்த்துச் சதுரமாக்க முயன்றேன். அதோடு என் கைக்கும் கருவிக்கும் இருந்த உறவு முடிந்தது. இதை அவரிடம் சொல்வது நேர்மையா, அசட்டுத்தனமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். கணினித் திரையில் ஒரு வரைபடம் வந்தது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எல்லாம் வெள்ளையாகக் கிடந்தன.

"பாருங்கள், உங்கள் பகுதியில் எங்களுக்கு ஒரு டீலர்கூட இல்லை. எவ்வளவு பெரிய வாய்ப்பு!" என்றார்.

இத்தனை தொழிற்பேட்டைகள், இத்தனை லாரி ரிப்பேர் செட்டுகள், ராணுவ வண்டி செய்கிற தொழிற்சாலை எல்லாம் இருக்கிற இடத்தில் ஒரு டீலர்கூட இல்லையென்றால் அதற்கு வேறு ஏதாவது காரணம் இருக்குமோ என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை. வேலை வேண்டியிருந்தது.

என் பணி, இந்த வட்டாரத்தில் உள்ள டூல்ஸ் கடைக்காரர்களைப் பார்த்துப் பேசி டீலராக்குவது. பயிற்சிக்காலம் முடிவதற்குள் ஒரு கடையாவது ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் என்னை நிரந்தரமாக்குவார்கள். இல்லையென்றால் நன்றி சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

அனுப்பிவிட்டால் வேறு வேலை தேடலாமே என்று நீங்கள் நினைக்கலாம். அதற்கும் நானே வழி அடைத்திருந்தேன். வேலைக்குப் போகலாமா என்று வீட்டில் பேச்சு வந்தபோது, நாத்தனாரோடு வெளியூரில் இருக்கும் என் மாமியார் போனில் "குழந்தை ஏங்கிடும்" என்று மட்டும்தான் சொன்னார். யாரும் தடுக்கவில்லை. எனக்குத்தான் குற்ற உணர்ச்சி பொறுக்காமல், "இது நிரந்தரமாகலன்னா, பாப்பா ஒண்ணாம் கிளாஸ் போற வரைக்கும் நான் வேற வேலையே தேட மாட்டேன், வீட்டிலேயே இருந்துடறேன்" என்று சொல்லிவிட்டேன். ஒருவரும் கேட்காமல் கொடுத்த வாக்கு. நான் சொன்ன வேகத்தைவிட அவர்கள் ஏற்றுக்கொண்ட வேகம் அதிகம். என் கணவர் "உன் இஷ்டம்தான்" என்றார். அந்த இஷ்டம் எது என்று நான் இன்னும் தேடிக்கொண்டிருந்தேன்.

என் வேலை நேரம் இப்படி அமைந்தது. காலையில் மகளை மழலையர் பள்ளியில் விட வேண்டும். பன்னிரண்டு மணிக்கு அழைத்துவர வேண்டும். அதன் பிறகு அவள் தூங்கும்போது அறிக்கை எழுத வேண்டும். ஆகவே நான் ஸ்கூட்டரில் கடைகளுக்குப் போகக்கூடிய நேரம் காலை மட்டும்தான். கடைகளோ பத்து மணி வாக்கில்தான் ஷட்டரைத் தூக்குகின்றன. அதாவது எந்தக் கடைக்குப் போனாலும் முதல் ஆளாக நான்தான் போய் நிற்பேன். சுறுசுறுப்பு என்று அதை எண்ணிப் பெருமைப்பட்டேன்.

முதலில் போனது அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு கடை. முதலாளி சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிக்கொண்டிருந்தார். நான் கழுத்தில் அடையாள அட்டையும் கையில் மாதிரிப் பெட்டியுமாகப் படியேறினேன்.

"இன்னாமா வோணும்?"

"வணக்கம் சார். வாங்க வரலை. ப்ரொஃபஷனல் மெக்கானிக்குக்கான ஹேண்ட் டூல்ஸ்..."

சுழன்றுகொண்டிருந்த ஊதுபத்தி நின்றது.

"வாங்க வர்லியா?"

"இல்ல சார். உங்களை டீலரா..."

"விக்க வந்துகிறியா?"

"விக்கன்னு இல்ல சார், பார்ட்னர்ஷிப் மாதிரி..."

"இன்னும் போணியே ஆவல. காலங்காத்தால வெறுங்கையோட படியேறி பார்ட்னர்ஷிப்ன்ற. எறங்குமா. மத்தியானம் சாப்ட்டுட்டு வா."

போணி என்றால் என்னவென்று எனக்குத் தெரியாமல் இல்லை. அன்றைய முதல் வியாபாரம். அது எப்படி அமைகிறதோ அப்படித்தான் அன்றைய நாள் முழுவதும் போகும். சிறுமியாக இருந்தபோது காலையில் பூக்காரரிடம் விலை கேட்டுவிட்டு வாங்காமல் நகர்ந்ததற்காக அம்மாவிடம் முதுகில் வாங்கியிருக்கிறேன். ஆனால் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் அந்த விதி நம்மைப் பிடிக்காது என்று எப்படியோ நினைத்துவிட்டேன். அன்று அந்த மனிதருக்கு வியாபாரம் கெட்டுப்போயிருந்தால் அது என்னால்தானே என்று மகளுக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் போக முடியாது. மத்தியானம் நான் அம்மா.

மறுநாள் ஆவடியில் ஸ்டேஷன் பக்கம் ஒரு கடை. அங்கேயும் நான்தான் முதல் ஆள். இந்த முறை முன்ஜாக்கிரதையாக, பேச்சை ஆரம்பிக்கும் முன் ஒரு ஸ்க்ரூ டிரைவர் வாங்கினேன். விலையைக் கூடக் கேட்கவில்லை. கடைக்காரர் பணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கல்லாவில் போட்டார். அதன் பிறகு ஸ்டூல் வந்தது, டீ வந்தது.

"இப்ப சொல்லுமா. இன்னா கம்பெனி?"

நான் மாதிரிப் பெட்டியைத் திறந்தேன். ஸ்பேனர்கள் வெல்வெட்டில் படுத்திருந்தன. அவர் ஒன்றை எடுத்து எடை பார்த்தார், தட்டிப் பார்த்தார், மூக்கருகே கொண்டுபோனார். எதற்கு முகர்ந்தார் என்று எனக்குத் தெரியாது. நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினார். நான் உற்சாகமாகி எங்கள் முக்கிய அஸ்திரத்தை எடுத்தேன்.

"இதுக்கு ஆயுள் முழுக்க கேரண்டி சார். உடைஞ்சா வேற மாத்திக் குடுப்போம்."

"யாரு ஆயுசு?"

"புரியல சார்."

"என் ஆயுசா, வாங்குறவன் ஆயுசா, ஸ்பேனர் ஆயுசா, உங்க கம்பெனி ஆயுசா?"

எங்கள் கையேட்டில் அது இல்லை. "ஸ்பேனரோட ஆயுசுன்னு நெனைக்கிறேன்" என்றேன்.

"ஒடஞ்சாதான் அதோட ஆயுசு முடிஞ்சிட்சே. அப்பறம் இன்னா கேரண்டி?"

நான் டீயைக் குடித்தேன். அவர் நிதானமாகத் தொடர்ந்தார்.

"கேளுமா. இது ஒடையலன்னு வையி, வாங்கினவன் திரும்பி கடைக்கே வர மாட்டான். ஒடஞ்சிதுன்னு வையி, ஓசில குடுன்னு வருவான். வர்லன்னாலும் எனக்கு லாஸு, வந்தாலும் எனக்கு லாஸு. நல்ல பொருளு. ஆனா எனக்கு எதுக்கு?"

இந்தக் கேள்விக்குப் புனேயிலிருந்து பதில் கேட்டு எழுதினேன். 'வாடிக்கையாளரின் ஆட்சேபணைகளைப் புன்னகையுடன் வரவேற்கவும்' என்று பதில் வந்தது.

அதன் பிறகு இது ஒரு நடைமுறையாகவே ஆகிவிட்டது. எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் எதையாவது வாங்குவேன். பிறகு விற்க ஆரம்பிப்பேன். அவர்கள் விற்றுவிடுவார்கள், நான் விற்க மாட்டேன். பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் ஒரு ரிங் ஸ்பேனர், பாடிப் பக்கம் ஒரு கட்டிங் பிளேயர், திருமழிசைக்குப் போகிற வழியில் ஒரு கிரீஸ் கன். கிரீஸ் கன் எதற்கு என்று கேட்காதீர்கள். அந்தக் கடையில் அன்று கைக்கு எட்டினது அதுதான். சமையலறைப் பரணில் இட்லிக் கொப்பரைக்குப் பக்கத்தில் என் நிறுவனத்தின் போட்டியாளர்கள் எல்லோரும் குடியேறினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர் பரணில் எதையோ தேடப் போய் அவற்றைப் பார்த்துவிட்டார்.

"நீ டூல்ஸ் விக்கிற வேலைதானே பாக்குற?"

"ஆமா."

"அப்ப இது?"

"போணி."

அவர் சென்னையில் வளர்ந்தவர். அதற்கு மேல் விளக்கம் கேட்கவில்லை. "பைப் ரெஞ்சும் ஒண்ணு வாங்கிடு, சிங்க் அடில லீக் ஆகுது" என்றார்.

வாங்கியவற்றை என்ன கணக்கில் எழுதுவது என்று தெரியாமல் அலுவலக அறிக்கையில் 'சந்தையில் உள்ள பிற பொருட்களின் மாதிரிகள்' என்று எழுதினேன். பொய் இல்லை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். மேலாளர் மகிழ்ந்துபோனார். எல்லாப் பகுதி ஊழியர்களும் இருந்த காணொளிக் கூட்டத்தில், போட்டியாளர்களை இவ்வளவு ஆழமாக ஆராய்கிற ஒருவரைத் தான் பார்த்ததே இல்லை என்றார். எல்லோரும் கைதட்டும் பொம்மைப் படத்தை அனுப்பினார்கள். நான் கேமராவை அணைத்துவிட்டு மகளின் மூக்கைத் துடைத்தேன்.

இந்த அலைச்சலில்தான் கரையான்சாவடிக் கடை வந்தது. மெயின் ரோட்டில், லாரி ரிப்பேர் செட்டுகளுக்கு நடுவே, நீளமான இருட்டுக் கடை. முன்னால் முதலாளி. உள்ளே பல்பு வெளிச்சத்தில் அவர் மனைவி உட்கார்ந்து போல்ட், நட்டுகளைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருப்பார். நான் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு "அண்ணா இருக்காங்களாக்கா?" என்று கேட்பேன். அவர் தாடையால் முன்பக்கம் காட்டுவார். எங்கள் பேச்சு அவ்வளவுதான்.

முதல் நாள் அங்கே ஓர் அலன் கீ செட் வாங்கினேன். இரண்டாவது முறை போனபோது முதலாளி எழுந்து நின்று வரவேற்றார்.

"வாம்மா, வா வா! அன்னிக்கு நீ போணி பண்ணிட்டுப் போன பாரு, ஷட்டர் எறக்குற வரைக்கும் கூட்டம். சாப்பிடக்கூட டைம் இல்ல. உனுக்கு கைராசி கீதுமா!"

தற்செயல் என்று சொல்ல நினைத்தேன். ஆனால் மாதிரிப் பெட்டியைப் பார்த்து இதுவரை ஒருவரும் எழுந்து நின்றதில்லை. சிரித்து வைத்தேன். அன்றும் எதையோ வாங்கினேன். அன்றும் கூட்டம் என்று போனில் சொன்னார். பிறகு அவரே காலையில் அழைக்க ஆரம்பித்தார்.

"இன்னாமா, இன்னிக்கு இந்தப் பக்கம் வர்லியா? வா, சும்மா ஒரு வாஷராவது வாங்கிட்டுப் போ."

நாலு வருடம் இன்ஜினியரிங் படித்து, நிறுவனம் இணையவழியில் நடத்திய விற்பனைப் பயிற்சியிலும் தேறியவள், ஒரு வாஷர் வாங்குவதற்காகக் கரையான்சாவடிக்கு அழைக்கப்பட்டேன். போனேன். டீலர் பேச்சை எடுத்தால் அவர் மறுக்கவே இல்லை. அதுதான் என்னைத் திரும்பத் திரும்ப அங்கே இழுத்தது.

"போட்டுடலாம்மா. ராசிக்காரி நீ கேக்குற, மாட்டேன்னுவேனா? ஆடி போவட்டும்."

ஆடி போனது.

"வளர்பிறைல போட்டுக்கலாம்."

வளர்பிறை வந்தது.

"இன்னிக்கு அஷ்டமி. நல்ல காரியத்த அஷ்டமிலயா பண்ணுவாங்க? நீயே சொல்லு."

நான் என்ன சொல்வேன்? என் வீட்டிலும் அஷ்டமியில் புதுத்துணி உடுத்த மாட்டார்கள். மேலாளருக்கு ஆங்கிலத்தில் அஷ்டமியை எழுத முயன்று, கடைசியில் 'உள் ஒப்புதல் நிலையில் இருக்கிறது' என்று எழுதினேன்.

இதற்கிடையில் அலுவலகத்தின் விதிமுறைப் பிரிவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ஊழியர்கள், டீலராக வாய்ப்புள்ள எந்தக் கடையிலிருந்தும் சொந்தமாகவோ நிறுவனத்தின் பேரிலோ எதையும் வாங்கக் கூடாது. அது பாரபட்சத்துக்கு வழிவகுக்கும். என் பெயர் அதில் இல்லை. ஆனால் அந்த மின்னஞ்சல் அகில இந்தியாவுக்கும் போயிருந்தாலும் காரணம் என் கிரீஸ் கன்தான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஒரு ஸ்க்ரூ டிரைவர் வாங்கி ஆவடியை நான் ஊழலில் தள்ளியிருப்பேனோ என்று அன்று முழுவதும் மனம் அடித்துக்கொண்டது.

விதியை மதிப்பதா, போணியை மதிப்பதா? வாங்காமல் போனால் கடைக்காரருக்குத் துரோகம், வாங்கினால் கம்பெனிக்குத் துரோகம். இரண்டும் வேண்டாமென்று சில நாட்கள் எங்குமே போகவில்லை. கரையான்சாவடி முதலாளி அழைத்தபோது மகளுக்குச் சளி என்றேன். சொன்ன மறுநாளே அவளுக்கு நிஜமாகவே சளி பிடித்தது. நான் சொன்னதால்தான் பிடித்தது என்று இன்றும் எனக்கு ஒரு எண்ணம் உண்டு.

பயிற்சிக்காலத்தின் கடைசி நாள் வந்தது. சளி சரியாகி மகள் பள்ளிக்குப் போனாள். ஒரு கையெழுத்தாவது இருக்கிறதா என்று மேலாளர் காலையிலேயே கேட்டிருந்தார். வேறு கடை எதிலும் நம்பிக்கை இல்லை. ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு கரையான்சாவடிக்குப் போனேன். எதையும் வாங்குவதில்லை என்று வழியெல்லாம் ஜபம்போல் சொல்லிக்கொண்டேன்.

கடை திறந்திருந்தது. முன்னால் முதலாளி இல்லை. அவருடைய நாற்காலியில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா இல்லீங்களாக்கா?"

"தூங்கினுகீறாரு."

"உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு இன்னா, கல்லு மாதிரி கீது. நீ ஒரு வாரமா வர்ல. யாருக்காவ எந்திரிப்பாரு? வீட்டு வேலைய முடிச்சிட்டு நான்தான் இப்ப வந்து தொறந்தேன்."

எனக்குப் புரியவில்லை. அவர் ஒரு ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளினார்.

"உக்காரு. ராசி ராசின்னு சொல்லிகினு திரியறாரே, அது இன்னா ராசின்னு தெரியுமா உனுக்கு? மொத நாளு கூட்டம் சும்மா அமைஞ்சது. அதுலேர்ந்து நீ வர்றன்னா வெள்ளனே குளிச்சு விபூதி வெச்சிக்கினு வந்து கடைய தொறந்துடுவாரு. லாரி செட்டுக்காரங்க வேலைல எறங்குற நேரம் அது. எதிர்க்கடைக்காரன் அப்பதான் பல்லு வெளக்குவான். அதான் அல்லாரும் இங்க வந்தாங்க. நீ வராத நாள்ல இவரு பதினோரு மணிக்கு கொட்டாவி வுட்டுக்கினு வருவாரு. அதுக்குள்ள எதிர்க்கடைல வாங்கிட்டு பூடுவானுங்க. இவ்ளோதான் உன் கைராசி."

எனக்கு அவமானமாக இருந்ததா, நிம்மதியாக இருந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. "இதை அண்ணாகிட்ட சொல்லலியாக்கா?" என்றேன்.

"எதுக்கு சொல்லணும்? ராசின்னு நெனச்சாவது எந்திரிக்கட்டுமே."

நான் பையிலிருந்து ஒப்பந்தத்தைப் பாதி வெளியே எடுத்து மறுபடி உள்ளே வைத்தேன். அவர் கவனித்துவிட்டார்.

"அது இன்னா?"

"டீலர் அக்ரிமெண்ட்டுக்கா. அண்ணா கையெழுத்து போட்டாதான்..."

"அண்ணா போட்டா செல்லாது."

"ஏன்க்கா?"

"கடை என் பேர்ல கீது. லைசென்ஸு, ஜிஎஸ்டி, பேங்கு அல்லாம் நான்தான். அவரு சும்மா முன்னாடி உக்காருவாரு. ஆடி போவட்டும், வளர்பிற வரட்டும்னு சொல்லினு இருந்தாரே, எதுக்குன்னு நெனச்ச? என்னான்ட கேக்க பயம்."

விற்பனைப் பயிற்சியில் 'கடையில் முடிவெடுப்பவரை அடையாளம் காணுங்கள்' என்று தனிப்பாடமே இருந்தது. அதில் நான் முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன். சான்றிதழை அச்செடுத்துக் கோப்பில்கூட வைத்திருக்கிறேன். அத்தனை காலையிலும் முடிவெடுப்பவரைப் பார்த்து "அண்ணா இருக்காங்களா" என்று கேட்டுவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறேன். ஒரு பெண், அதுவும் வேலைக்காக இவ்வளவு அல்லாடுகிற நான், அப்படிச் செய்தேன்.

"மன்னிச்சிருங்கக்கா. உங்ககிட்டதான் பேசியிருக்கணும்."

"இப்ப பேசேன்."

பேசினேன். பெட்டியைத் திறந்தேன். வழக்கமான அலங்காரங்கள் எதுவும் வாயில் வரவில்லை. என்ன விலைக்குத் தருவோம், எவ்வளவு சரக்கு எடுக்க வேண்டும், விற்காததை எப்போது திருப்பி எடுப்போம் என்பதை மட்டும் சொன்னேன். அவர் போல்ட் பொட்டலம் கட்டுவதை நிறுத்தாமல் கேட்டார்.

"ஒடஞ்சா மாத்திக் குடுப்பீங்களா?"

"குடுப்போம்."

"யாரு எட்தாந்து குடுப்பா?"

"நான்தான்க்கா இந்த ஏரியாவுக்கு."

"நீ இருப்பியா?"

நான் பெட்டியில் இருந்த ஒரு ஸ்பேனரை நேராக்கி வைத்தேன்.

"வர்றவனுங்க அல்லாம் இப்பிடித்தான் டை கட்டிகினு, பொட்டி தொறந்து காட்டிட்டு சரக்க தள்ளிட்டு போவானுங்க. ஒடஞ்சிச்சுன்னு போன் பண்ணா நம்பர் எடுக்காது. மெக்கானிக்கு என்னான்ட வந்து கத்துவான். அதான் எந்தக் கம்பெனியும் வாணாம்னு வெச்சிருக்கேன். நீ வேலைல இருக்கறதா இருந்தா சொல்லு, போடறேன்."

இங்கே ஒரு நல்ல விற்பனையாளர் 'கண்டிப்பாக' என்று சொல்லியிருப்பார். நானோ, "நீங்க கையெழுத்து போட்டா இருப்பேன்க்கா. போடலன்னா நாளைலேர்ந்து எனக்கு வேலை இல்ல" என்றேன்.

அவர் கை நின்றது.

"அப்ப நான் போட்டாதான் நீ இருப்ப, நீ இருந்தாதான் நான் போடுவேனா?"

"ஆமாக்கா."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்த முடியாமல் சிரித்தார். "நல்லா கம்பெனி வெச்சாங்கடா!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு காகிதத்தை வாங்கிப் பக்கம் பக்கமாகப் படித்தார். எனக்கு முன்னால் யாரும் அதை முழுதாகப் படித்ததில்லை, என்னையும் சேர்த்து. ஓரிடத்தில் விரல் வைத்து "இது இன்னா?" என்று கேட்டார், சொன்னேன். இன்னோரிடத்தில் கேட்டார், தெரியவில்லை என்றேன். அதைப் பேனாவால் அடித்தார். அடிக்கலாமா என்று நான் யோசிப்பதற்குள் அடித்து முடித்துவிட்டார்.

"சரி, போடறேன். போணி ஆவட்டும்."

"அக்கா?"

"இன்னும் போணி ஆவலமா. கல்லாவுல காசு விழாம கையெழுத்து போட்டா வெளங்குமா?"

"இப்பதானேக்கா ராசியெல்லாம் ஒண்ணும் இல்லன்னு..."

"ராசி வேற, போணி வேற."

ஆகவே இருவரும் உட்கார்ந்து காத்திருந்தோம். இரும்பு அறுக்கும் ஒரு ஹாக்ஸா பிளேடு வாங்கினால் என் வேலை நிரந்தரமாகிவிடும். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கட்டே தொங்கியது. "வாங்கேன், அதான் எப்பவும் வாங்குவியே" என்றார் அக்கா. விதிமுறை மின்னஞ்சலைப் பற்றிச் சொன்னேன். "வாங்கக் கூடாதுன்னு சொல்ற கம்பெனிய இப்பதான் பாக்குறேன்" என்றார். கண்டுபிடித்தால் கையெழுத்தே செல்லாமல் போய்விடுமே என்று பயமாக இருந்தது. என் கையை என் துப்பட்டாவிலேயே சுற்றி வைத்துக்கொண்டேன்.

ஒருவர் வந்தார். நான் எழுந்தே நின்றுவிட்டேன். ஐந்நூறுக்குச் சில்லறை கேட்டார். இன்னொருவர் வந்தார், கோர்ட்டுக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்றார். மூன்றாவதாக ஒரு மெக்கானிக் கிரீஸ் கையோடு படியேறினார். தெய்வமே வந்ததுபோல் இருந்தது.

"அண்ணாத்தே கீறாரா?"

"தூங்கினுகீறாரு. இன்னா வோணும்?"

"ஒண்ணியும் இல்ல, சும்மா பேசிட்டுப் போலாம்னு."

அவர் இறங்கிப் போவதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது.

போன் அதிர்ந்தது. பள்ளியின் வாட்ஸாப் குழுவில், நேரத்துக்கு வந்து குழந்தைகளை அழைத்துச் செல்லுமாறு பெற்றோரை அன்புடன் கேட்டுக்கொண்டார்கள். எனக்காகத்தான் போட்டிருக்கிறார்கள் என்று தோன்றியது. கணவரை அழைத்தேன், அலுவலகக் கூட்டத்தில் இருப்பதாகச் செய்தி வந்தது. இன்னும் கொஞ்ச நேரம் இருந்தால் யாராவது வரக்கூடும். அதுவரை அவள் வாசற்படியில் பையோடு உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்கூட்டராகப் பார்த்துக்கொண்டிருப்பாள். எழுந்தேன்.

"பாப்பாவை கூப்பிடணும்க்கா. போயிட்டு வரேன். நீங்க இருப்பீங்களா?"

"நான் எங்க போவப்போறேன்? ஓடு."

போகும்போது எல்லாம் முடிந்துபோனதாகவே நினைத்தேன். நான் நகர்ந்ததும் முதலாளி எழுந்து வருவார், மறுபடி ஆடி என்பார் என்று நினைத்தேன். பாலத்தடியில் சிக்னலில் நின்றபோது, ஒன்றாம் வகுப்பு வரை வீட்டில் இருப்பது அப்படியொன்றும் மோசமில்லை என்றுகூட எனக்கு நானே விளக்கிக்கொண்டிருந்தேன். விளக்கம் நன்றாகத்தான் இருந்தது. நம்பத்தான் முடியவில்லை. மகள் பள்ளி வாசலில் சந்தோஷமாகச் சறுக்கு விளையாடிக்கொண்டிருந்தாள். வர மாட்டேன் என்று அழுதாள்.

அவளை ஸ்கூட்டரில் முன்னால் நிறுத்திக்கொண்டு திரும்பி வந்தபோது கடை வாசலில் செருப்புகள் கிடந்தன. உள்ளே நாலைந்து பேர் நின்று ஒரே நேரத்தில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா கல்லாவில் நின்றபடி என்னைப் பார்த்ததும் குரல் கொடுத்தார்.

"வாடி ராசிக்காரி! நீ அந்தாண்ட போன, இந்தாண்ட போணி ஆயிட்ச்சு. ஒரு ஹாக்ஸா பிளேடு. அதுக்கும் பேரம் பேசினான் கய்தே. நீ கெளம்பினாதான் இந்தக் கடைக்கு ராசி போல கீது."

நின்றவர்களெல்லாம் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன். கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் அக்கா ஒப்பந்தத்தைப் பிரித்துக் கையெழுத்திட்டார். நீளமான, நிதானமான கையெழுத்து. முத்திரைப் பெட்டி காய்ந்திருந்தது. ரப்பர் முத்திரையை வாயருகே வைத்து 'ஹா' என்று ஊதி அழுத்தினார். கடையின் பெயருக்குக் கீழே உரிமையாளர் என்று விழுந்தது.

நான் அதைப் படமெடுத்து அனுப்பினேன். கடைசி நாள் என்று காலையிலிருந்து என்னைத் துரத்திய மேலாளரிடமிருந்து வெகுநேரம் கழித்துக் கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. மறுநாள் வேலை நிரந்தரம் என்ற கடிதமும் வந்தது. கூடவே ஒரு கேள்வி: இந்த வெற்றியை மற்ற மாநிலங்களிலும் பின்பற்றும்படி ஐந்து பக்கங்களில் விளக்க முடியுமா? முதல் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இன்னும் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆனால் அன்று கடையில் நான் கிளம்பும்போது நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். காகிதத்தைப் பையில் வைத்து, வைத்தேனா என்று திரும்பத் திறந்து பார்த்து, மகளைத் தூக்கிக்கொண்டேன்.

"நாளைக்கு சரக்கு லிஸ்ட் எடுத்துட்டு வரேன்க்கா. கொஞ்சம் லேட்டாவே வரேன், போணி ஆனப்புறம்."

"லேட்டாவா? ஒழுங்கா வெள்ளனே வா" என்றார் அக்கா. "வர்றேன்னு அவருக்கு இப்பவே போன் போட்டு சொல்லிடு. அப்பதான் நாளைக்கு எந்திரிப்பாரு."

நான் படியிலேயே நின்று அவருடைய எண்ணைத் தேடினேன்.